கழித்ததில் கேட்ட சிரிப்பு

அமலி,

உன் போனுக்கு ஒரு ஒலிக்கோப்பு அனுப்பியிருக்கிறேன். அதை உடனே திறந்து கேட்டுவிடாதே. இதைப் படித்து முடித்துவிட்டுக் கேள். நேரில் சொல்லியிருக்கலாம். போன வாரம் நீ மதுரையிலிருந்து வந்து கல்யாணப் புடவைகளைக் கூடத்தில் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது சொல்ல வாயெடுத்தேன். "என்ன சித்தி?" என்று நீ நிமிர்ந்து பார்த்ததும், "காப்பி போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். என் வாய் அவ்வளவுதான் என்று உனக்குத் தெரியும். எழுத்தில் என்றால் ஓரளவு நேராக நிற்பேன்.

எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்கு, வேவ்லெட் என்கிற சிற்றலைகளைப் பற்றி எல்லோருக்கும் புரிகிற மாதிரி தமிழில் ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். எம்.இ. படிக்கும்போது நான் செய்த ஆய்வே அதில்தான் என்பதால் கேட்டார்கள். "சிற்றலை என்பது" என்று தொடங்குவேன், நின்றுவிடுவேன். ஒவ்வொரு தடவையும் உன் அம்மாவின் குரல் வந்து நடுவில் நின்றது. கடைசியில் கட்டுரை உனக்கான கடிதமாகிவிட்டது. நீ படித்துவிட்டு, அச்சில் வந்தால் பரவாயில்லை என்று சொன்னால் அவர்களுக்கும் இதையே கொடுப்பேன். வேண்டாம் என்றால் மின்விசிறிச் சத்தத்தை உதாரணமாக வைத்து வேறு ஒன்று எழுதித் தருகிறேன். அது சுலபம். அதில் யாருடைய மனமும் நோகாது.

நீ போனில் கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. "சித்தி, நீங்க காலேஜ்ல சத்தத்தெல்லாம் சுத்தம் பண்ணுவீங்கல்லா? எங்க அம்மா பேசினது ஒண்ணு எங்கிட்ட இருக்கு. ஒரே காத்து. அம்மா குரல மட்டும் எடுத்துக் குடுப்பீங்களா?" என்றாய். எதற்கு என்று கேட்டேன். "கல்யாணத்தன்னைக்கு நான் வாசப்படி தாண்டும்போது போடணும் சித்தி. அம்மா கூப்பிடுத மாதிரி" என்றாய். நான் சரி என்றேன். போனை வைத்துவிட்டு, கொதித்த சாம்பாரில் இரண்டாவது முறையும் உப்புப் போட்டேன். அன்றைக்கு உன் அப்பா மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு டக்குக்கு, அவருடைய இழுவைப் படகுக்கு, ஓடிப்போனார். துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கிறவர், ஒரு தட்டு உப்பைப் பெரிதுபடுத்த மாட்டார்.

ஏன் எனக்கு அப்படி ஆனது என்று சொல்கிறேன். கோயிலுக்குக் கிளம்பும் முன், கல்யாணப் பெண்ணை வீட்டு நடுவில் முழங்கால்போட வைத்து, தீர்த்தத்தில் விரல் நனைத்து, பெற்றவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது நம் பக்கத்து வழக்கம். உனக்கு வரன் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் அந்த நேரத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் புடவை, எந்தக் கை, உன் நெற்றிச்சுட்டியை ஒதுக்கிவிட்டுப் போட வேண்டுமா, அதன் கீழேயே போடலாமா என்பது வரைக்கும். உன்னை நான் பெறவில்லை. உன் அம்மா ரெஜினா போய் இரண்டு வருடம் கழித்து நான் இந்த வீட்டுக்கு வந்தேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு உன் இப்போதைய வயதுதான். இத்தனை வருடத்தில் எனக்கென்று, எனக்கு மட்டுமென்று வாய்க்கப்போகிற ஒரு நேரம் அது என்று நினைத்திருந்தேன். நெற்றியில் நான் போட்ட ஈரம் காய்வதற்குள் நீ அவள் குரலைக் கேட்டுக்கொண்டு படியிறங்கப் போகிறாய். அந்தக் குரலையும் நானே தேடிச் சுத்தம் செய்து தர வேண்டும். பொறாமை என்பதற்கு நான் வேறு பெயர் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அது புதிதாக வந்ததும் இல்லை. நான் சாத்தான்குளத்துக்காரி. அப்பா அங்கே ஒரு பலசரக்குக் கடையில் சரக்குக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீஸில் சான்றிதழ் வாங்கிப் படித்தவள் நான். புத்தகத்தில் இருக்கும் எதையும் கற்றுக்கொள்வேன். மீன் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வந்த புதிதில், கூடையோடு வாசலுக்கு வரும் மேரியக்காவிடம் சாளை வாங்கினேன். காசை வாங்கி முடிந்துகொண்டு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஏளா சாத்தாங்கொளத்தாளே, செவுளத் தூக்கிப் பாக்காம வாங்கிட்டியே. நேத்து மீன்ளா இது. ரெஜினா இருந்தா என் மூஞ்சியிலயே எறிஞ்சிருப்பா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. அன்றைய குழம்பை நீ ஒரு வாய் வைத்துவிட்டு ரசம் கேட்டாய். எனக்கு மேரியக்கா மேல் கோபம் வரவில்லை. மீனை எறியத் தெரிந்த ஒருத்தி மேல்தான் வந்தது.

மாதா கோயில் தேர் நாளில் உன்னைத் தவறவிட்டதை நீ மறந்திருக்கலாம். பன்னிரண்டு வயதிலும் பலூன்காரன் பக்கம் கையை உதறிக்கொண்டு ஓடினாய், கூட்டம் மூடிக்கொண்டது. நான் நின்ற இடத்திலேயே நின்று "அமலி, அமலி" என்று கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டுச் சத்தம், குழல்விளக்கு ஜெனரேட்டர், ஜெபம், அத்தனைக்கும் அடியில் என் குரல் எங்கேயோ கிடந்தது. கடைசியில் நீயே வந்து என் முந்தானையைப் பிடித்தாய். நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சமாதானம் செய்கிற நினைப்பில், "நீங்க கூப்பிட்டது எனக்குக் கேக்கவே இல்ல சித்தி. எங்க அம்மான்னா ஆர்பருக்கே கேட்டிருக்கும்" என்றாய். குழந்தை உள்ளதைத்தான் சொன்னது. வகுப்பில் கடைசி பெஞ்சு இன்றைக்கும் "மேடம், சத்தமா" என்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு நீ சொன்ன ஆர்பர், அந்தத் துறைமுகம், நினைவுக்கு வரும். நான் ஒரு நாளும் பார்த்திராத அந்தப் பெண்ணோடு என் தொண்டை பத்து வருடமாகப் போட்டி போட்டுக்கொண்டிருக்கிறது.

அப்புறம் அந்த இயர்போன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய பொத்தான் போனில் ஒன்றை மறுபடி மறுபடி கேட்பாய். பாட்டு இல்லை என்று உன் முகத்தைப் பார்த்தாலே தெரியும். நான் தோசைக்கல்லில் இருந்து உன்னைப் பார்ப்பேன். என்ன கேட்கிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அந்தச் சின்ன ஒயர் வழியாக நீ எங்கோ போய்விட்டு, தோசை ஆறியபின் திரும்பி வருவாய்.

அந்தக் கோப்புதான் இப்போது என்னிடம் வந்தது. முதல் தடவை கேட்டபோது எனக்குக் காற்று மட்டும்தான் கேட்டது. பெரியதாழைக் கடற்கரை என்று நீ சொல்லியிருந்தாய். போன் எட்டு வயது அமலியின் கையில் இருக்கிறது. நீ விளையாட்டாக எந்தப் பொத்தானையோ அழுத்திவிட்டு அதை வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாய். உன் மூச்சு பெரிதாக, மைக்கை ஒட்டி. காற்று மைக்கில் புர்ரென்று மோதுகிறது. பின்னால் அலை. அதற்கும் பின்னால் ஒரு வள்ளத்தின் மோட்டார். நடுவில் எங்கோ, தூரத்தில், "ஏளா அமலி" என்று ஒரு குரல். பிறகு மறுபடி காற்று. உனக்கு இத்தனை வருடமும் அந்த இரண்டு சொல்தான் கிடைத்திருக்கிறது. அதற்காகவா அத்தனை தோசை ஆறியது என்று நினைத்தேன். நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

இனி கொஞ்சம் பாடம். நீ நர்ஸ், ஈ.சி.ஜி.யிலிருந்து தொடங்கினால் உனக்குப் புரியும். ஒரு நோயாளியின் இதயத்துடிப்பை நாள் முழுக்கப் பதிவு செய்கிறீர்கள் என்று வை. ஓர் இடத்தில் மட்டும் துடிப்பு இடறுகிறது. பழைய கணக்கு முறை ஒன்று உண்டு. அது எந்தப் பதிவையும், தொடக்கமும் முடிவும் இல்லாமல் ஆடிக்கொண்டே இருக்கிற அலைகளாகப் பிரித்து, எந்த வேகத்து அலை எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும். மின்விசிறி மாதிரி ஒரே சீராக ஓடுகிறவற்றுக்கு அது போதும். ஆனால் அந்த இடறல் எப்போது வந்தது என்று அந்த விடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கணத்தில் நடந்தது, பதிவு முழுக்கக் கரைந்து கிடக்கும். ஒரு மனுஷியைப் பற்றி "கோபக்காரி" என்று ஒரே சொல்லில் சொல்லி முடிப்பது மாதிரி. எப்போது கோபம், எதற்குப் பிறகு கோபம் என்பதெல்லாம் அந்தச் சொல்லில் கரைந்துவிடும்.

சிற்றலை என்பது பிறந்து, எழுந்து, தாழ்ந்து, அங்கேயே அடங்கிவிடும் ஒரு குட்டி அலை. அசையாத தண்ணீரில் ஓரிடத்தில் மட்டும் ஒரு மேடும் பள்ளமும் தோன்றி மறைவதாக நினைத்துக்கொள். அதைப் பதிவின் தொடக்கத்தில் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பதிவின் வடிவம் எங்கே அதோடு பொருந்துகிறதோ அங்கே பெரிய எண் கிடைக்கும். பொருந்தாத இடத்தில் பூஜ்யத்தை ஒட்டி வரும். ஒரு சுற்று முடிந்ததும் அதே அலையை இழுத்து நீட்டி மறுபடி ஓட்டுவோம். பிறகு இன்னும் நீட்டி. நீண்ட அலை கடலின் மெதுவான இரைச்சலைப் பிடிக்கும். குறுகியது சொல்லின் வெடிப்பைப் பிடிக்கும். இப்படி, என்ன கேட்டது, எப்போது கேட்டது என்று இரண்டும் கைக்கு வரும். முழுதாக வராது. குறுகிய அலை நேரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுச் சுருதியை மழுப்பும். நீண்டது சுருதியைச் சொல்லிவிட்டு நேரத்தை மழுப்பும். இரண்டையும் ஒரே இடத்தில் முழுத் துல்லியமாகப் பிடிக்க எந்தக் கணக்கிலும் வழி இல்லை. ஒன்றில் ஏறினால் மற்றதில் கொஞ்சம் இறங்கித்தான் ஆக வேண்டும்.

சுத்தம் செய்வது இதற்கு அடுத்த படி. இரைச்சல் எல்லா எண்களிலும் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும். பேச்சு, சில எண்களில் மட்டும் கனமாகக் குவிந்திருக்கும். ஆகவே ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே உள்ள எண்களையெல்லாம் பூஜ்யமாக்கிவிட்டு, மிஞ்சியவற்றைக் கோத்துத் திரும்பவும் ஒலியாக்கினால் குரல் தனியாக வரும். வரம்பை எங்கே வைப்பது என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது. நான் சூத்திரப்படிதான் வைத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், உன் அப்பா டக்கில் இருந்த நேரம், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஓட்டினேன். வந்த கோப்பைக் கேட்டால், ஆளில்லாத கோயிலுக்குள் நின்று கூப்பிடுகிற மாதிரி, கணீரென்று "ஏளா அமலி". அலை இல்லை, காற்று இல்லை. நீ கேட்டுக்கொண்டபடியே இருந்தது. உண்மையைச் சொல்லட்டுமா? அதில் அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற யாரோ ஒரு பெண் மாதிரி இருந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அப்படியே உனக்கு அனுப்பிவிட விரல் துடித்தது.

ஆனால் என் மாணவிகளுக்கு நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். கழித்ததைக் கேட்காமல் வேலையை மூடக்கூடாது. மூலப் பதிவிலிருந்து சுத்தமான பதிவைக் கழித்தால் மிச்சம் வரும், அதாவது நாம் குப்பை என்று தள்ளியது. அதை ஒரு தடவை காதில் போட்டுக் கேட்க வேண்டும். அதில் வெறும் இரைச்சல் இருந்தால் வேலை சரி. பேச்சின் சாயல் இருந்தால் வரம்பு தப்பு. செய்யாமல் வந்தால் மதிப்பெண்ணைக் குறைப்பேன். அன்றைக்கு எனக்கே அதைச் செய்ய மனம் வரவில்லை. மாடிக்குப் போய்த் துணி எடுத்தேன். மடித்தேன். மடித்ததை மறுபடி மடித்தேன். பிறகு வந்து இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

கடல் இருந்தது. மோட்டார் இருந்தது. அவற்றுக்கு அடியில், கதவை யாரோ முட்டியால் மெல்லத் தட்டுவதுபோல, சின்னச் சின்னதாக, வரிசையாக ஏதோ ஒன்று. வரம்பை அந்த இடத்தில் மட்டும் இறக்கினேன். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அலையின் சீறலும் வாயின் 'ஸ', 'ச' ஒலிகளும் எண்களாகப் பார்த்தால் அக்காள் தங்கை மாதிரி இருக்கும், அதனால் முதலில் போவது அவைதான். அவை திரும்பி வந்தன. அவற்றோடு மூச்சும், மூச்சோடு சொற்களும். நீ கேட்டே இராத சொற்கள். பொறுத்துப் பொறுத்து எழுதிக்கொண்டேன். இதோ:

"ஏளா அமலி, போன வச்சிக்கிட்டு எங்கன ஓடுத? வா இங்கன. போன் போனாப் போவுது, நீ போவாதளா." கொஞ்ச நேரம் காற்று. பிறகு குரல் வேறு பக்கம் திரும்புகிறது. "சிரியும், நல்லா சிரியும். பிள்ள கடலுக்குள்ள இறங்கினப் பொறவும் இங்கனயே நின்னு சிரியும்."

அந்தத் தட்டல், ஒரு ஆண் சிரிக்கிற சத்தம். வயிற்றிலிருந்து எழுந்து, மூச்சு முட்டி, நின்று, மறுபடி தொடங்குகிற சிரிப்பு. அவள் திட்டத் திட்டக் கூடுகிறது. யார் என்று எனக்குத் தெரிவதற்கே நேரம் பிடித்தது, அமலி. உன் அப்பா.

இத்தனை வருடமாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். அவர் நல்லவர். என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவர் சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தது, மூக்கு வழியாக வருகிற ஒரு மூச்சு. டி.வி.யில் எவ்வளவு பெரிய நகைச்சுவை வந்தாலும் அவ்வளவுதான். அது அவர் சுபாவம் என்று நினைத்திருந்தேன். சுபாவம் இல்லை. அந்தச் சிரிப்பு ஒருத்திக்குக் கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை. குரலில் அவளிடம் தோற்றது பழைய வலி, அதற்குப் பழகியிருந்தேன். இது புதிது. இயர்போனைக் கழற்றிவிட்டு, மடித்த துணிகளை அலமாரியில் வைத்தேன். அவருடைய சட்டைகளை மட்டும் கட்டிலிலேயே விட்டுவிட்டேன். அவர் வந்து, ஒன்றும் புரியாமல், தானே எடுத்து வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் அந்தக் கோப்பைத் தொடவில்லை. எனக்கு நானே ஒரு நியாயமும் செய்துகொண்டேன். நீ கேட்டது அம்மாவின் குரல். சிரிப்பு அம்மாவின் குரல் இல்லை. ஆகவே இந்த வேலையைப் பொறுத்தவரை அது இரைச்சல். தள்ளலாம். எந்த ஆய்வு நெறியாளரும் இதை ஏற்றுக்கொள்வார். எது செய்தி, எது இரைச்சல் என்று கணக்கு ஒருபோதும் சொல்லாது, அமலி. கணக்குக்கு எல்லாம் எண்தான். எதை வைத்துக்கொள்ள விரும்புகிறோமோ அதைச் செய்தி என்கிறோம், மற்றதை இரைச்சல் என்கிறோம். பாடப்புத்தகம் இதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லும். அந்த வாரம் முடிகிற நாளில், சாப்பாட்டு நேரத்தில் அவரைச் சிரிக்கவைத்துப் பார்க்கவும் முயன்றேன். எங்கள் துறைத்தலைவர் ப்ரொஜெக்டரைப் போடத் தெரியாமல் தன் வீட்டு மளிகைப் பட்டியலைத் திரையில் காட்டியதை, கையெல்லாம் ஆட்டி, குரல் மாற்றிச் சொன்னேன். உன் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்னளா, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம், புதிதாகக் கிடைத்த சொற்களைச் சேர்த்து, சிரிப்பை மட்டும் தள்ளிவிட்டு, சுத்தமான கோப்பு ஒன்று செய்து கேட்டேன். "ஏளா அமலி. வா இங்கன. சிரியும், நல்லா சிரியும்." அப்புறம் ஒன்றுமில்லை. வெற்று அமைதி. சிரியும் என்கிறாள், யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தனியாக, ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு நிற்கிறாள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தேர்க் கூட்டத்தில் நான் அப்படித்தான் நின்றேன். வகுப்பில் பல நாள் அப்படித்தான் நிற்கிறேன். ஆர்பருக்கே கேட்கிற குரல் உடையவளைக்கூட இப்படி நிறுத்த முடிகிறது, ஒரே ஒரு எண்ணை ஏற்றி வைத்தால் போதும். அவளை ஜெயித்துவிட்டேன் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை. தவிர, வரம்புக்குக் கீழே விழுந்துபோகிற சத்தங்களைப் பற்றி வேறு யார் மறந்தாலும் நான் மறக்கலாமா?

மறுபடி உட்கார்ந்தேன். பேச்சும் சிரிப்பும் வருகிற இடங்களில் வரம்பை இறக்கினேன், காற்று மட்டும் இருக்கிற இடங்களில் ஏற்றினேன். சிரிப்பை விட்டுவைத்தால் அதோடு கொஞ்சம் கடலும் வரும். வந்தால் வரட்டும். நீ எதிர்பார்த்த அளவுக்குச் சுத்தமாக இருக்காது. அங்கங்கே அலை ஏறி வரும், உன் மூச்சும் இருக்கும். எட்டு வயதில் உனக்கு லேசாக மூக்கடைப்பு இருந்திருக்கிறது.

முதலில் உன் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். டூட்டி முடிந்து வந்து, கை கழுவி, துண்டோடு நின்றுகொண்டிருந்தார். உன் அம்மாவின் குரல் வந்ததும் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டார். கண் தரையில். முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும், "யாரு அது, பின்னால சிரிக்கான்?" என்று கேட்டார்.

"நீங்கதான்" என்றேன்.

"நானா?"

மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இந்தத் தடவை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "கூறுகெட்ட சிரிப்பு" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "அவ குரலத்தான கேட்டா பிள்ள. இத நீ எடுத்துப் போட்டிருக்கலாம்லா" என்றார்.

"எடுத்தேன். அப்பறம் திரும்ப வச்சேன்."

அவர் தலையை ஆட்டினார். மூக்கு வழியாக ஒரு மூச்சு வந்தது. எழுந்து போய்த் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார், எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை அதிகம். அடி வரைக்கும் குடித்தேன். பொறாமை அதனால் போய்விட்டது என்று நினைக்காதே. அந்தச் சிரிப்பை இனிமேல் யாரும் எனக்குத் தரப்போவதில்லை, அதன் அடையாளம் அவருக்கே மறந்துவிட்டது. ஆனால் அந்த மூச்சை, அந்த மூக்குவழி மூச்சை, அன்றைக்குத்தான் நான் சரியாகக் கேட்டேன். அது எப்போது வருகிறது என்று இப்போது கவனிக்கிறேன். டி.வி. பார்க்கும்போது வருவது வேறு. எனக்காக வருவது கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அறிவுரை இல்லாமல் கடிதம் முடிந்தால், பெரியவர்கள் என்னைக் குறை சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உன் மாமியார் சிடுசிடுப்பானவர் என்று நிச்சயதார்த்தத்தன்றே உன் தோழி உன் காதில் சொன்னாள், நானும் கேட்டேன். அவரை அந்த ஒரு சொல்லில் கரைத்துவிடாதே. எப்போது என்று பார். நான் பார்த்தவரை, மூட்டுவலியோடு மாடிப்படி ஏறி வந்த பிறகுதான் அவர் குரல் உயர்ந்தது. மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். பேசாதவர்களோடு வாழ்வது எப்படி என்று என்னைவிட யாரும் உனக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் இந்த வீட்டில் இரண்டு பேர் அப்படி, நீ நடுவில் வளர்ந்தாய். சண்டை போட்ட நாளில், அவர் சொன்னதில் எதை வேண்டாம் என்று தள்ளினாயோ அதை மறுநாள் ஒரு தடவை எடுத்துக் கேள். பெரும்பாலும் வெறும் காற்றாகத்தான் இருக்கும். எப்போதாவது ஆள் இருப்பார். உனக்கும் பொறாமை வரும், யார் மேலாவது, எதன் மேலாவது. வந்தால் பயப்படாதே. அதை வைத்துக்கொண்டே கை செய்ய வேண்டியதைச் செய்துவிட முடிகிறது. இதை நான் படிக்கவில்லை, இப்போதுதான் கண்டேன்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதுவரை எழுதியது முழுக்க நேர்மையாக இருக்காது. கல்யாணத்தன்று குரலைப் போடுவதற்கு உன் சித்தப்பா பெரிய ஒலிபெருக்கி கொண்டுவந்து வாசலுக்கு வெளியே பந்தலில் வைக்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். வீட்டுக்குள், நடுக்கூடத்தில், சின்னதாக ஒன்று போதும் என்றேன். எல்லோரும் சத்தம் பத்தாது என்று சொன்னார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தமாகப் பேசி, போதும் என்று சொல்லிவிட்டேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் உன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அங்கேயே, அந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்பேன். நீ எழுந்து, வாசலுக்குப் போய், படியில் கால் வைப்பாய். அப்போது "ஏளா அமலி, எங்கன ஓடுத? வா இங்கன" என்று உன் அம்மா கூப்பிடுவாள். நீ திரும்பிப் பார்க்காமல் இருக்க மாட்டாய். அவளுக்காகத் திரும்பும் அந்த முகம், அவளுக்காக இத்தனை வருடம் நீ வைத்திருக்கிற அந்த முகம், நேராக என் மேல் வந்து விழும். அது எனக்கு இல்லை என்று தெரியும். இருந்தாலும் ஒரு தடவை எனக்கு அது வேண்டும், அமலி.

இனி கோப்பைத் திறந்து கேள்.

உன் சித்தி